குளிப்பாட்டிய நாணயம்

மாலை ஆறு பத்து. திருமுடிவாக்கத்திலிருந்து குரோம்பேட்டை செல்லும் பேருந்தில், முன் இருக்கைக்காரரின் நகங்களில் கிரீஸ் இருந்தது. பக்கத்திலிருந்த நண்பரிடம் பழைய வெள்ளி நாணயம் ஒன்றை நீட்டினார்.

"குளிப்பாட்டாதேன்னு சொன்னேனா இல்லியா?" என்றார் நண்பர்.

"ஒரே கறுப்பா இருந்துச்சு மச்சான்."

"இன்னா போட்டுத் தேச்சே? புளியா?"

"பட்டறையில பாலிஷ் மெஷின்ல புடிச்சேன். நம்ம கைக்கு வந்தது பாலிஷ் ஆவாம வெளிய போனதில்ல."

"இது இன்னா உங்க ஸ்டீல் கைப்பிடியா? அந்தக் கறுப்பு அழுக்கில்லடா, அதான் அதோட வயசு."

கிரீஸ் கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆறு மாசமா ஞாயித்துக்கிழமையானா மெட்டல் டிடெக்டரைத் தூக்கிகினு அனகாபுத்தூர் ஆத்தோரம் அலைஞ்சேன். எல்லாம் சோடா மூடி, ஆணி. வெள்ளின்னு கெடச்சது இது ஒண்ணுதான். எந்த வருசம்னு மட்டும் பாத்துச் சொல்லு, போதும்."

நண்பர் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். நாணயத்தைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"வருசம் போட்டிருந்துச்சா?"

"கறுப்புல நாலு நம்பர் தெரிஞ்சுது. கண்ணாடி எடுத்துனு போவல, படிக்கல."

"போட்டோ?"

"பளபளன்னு ஆனப்புறம்தான் எடுத்தேன்."

குரோம்பேட்டையில் இருவரும் எழுந்தார்கள். நாணயம் கிரீஸ் கைக்காரரின் உள்ளங்கையில் இருந்தது. அதில் நம்பர் இருந்த இடத்தில் பேருந்தின் விளக்கு தெரிந்தது.