அமைச்சர் வீட்டுக் காகிதங்கள்

நனைந்த காகிதத்தை வெயிலில் காயப்போடக் கூடாது. துணி மாதிரிதானே என்று பலரும் நினைக்கிறார்கள். வெயில் பட்டால் தாள் முறுக்கிக்கொள்ளும், மை வெளுத்துவிடும். நிழலில், தரையில், மை ஒற்றும் தாளுக்கு மேல் ஒவ்வொன்றாகப் பரப்பி மின்விசிறியை மெதுவாக ஓடவிட வேண்டும். ஆவணக் காப்பகத்தில் முப்பத்தோரு வருடம் நான் பார்த்த வேலை அதுதான். நீங்கள் கேட்டதற்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போரின் இரண்டாம் வருடம் அமைச்சர் வீட்டின் மேல் குண்டு விழுந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஊரார் பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு அந்தக் குடும்பம் எப்போதோ எல்லையைத் தாண்டியிருந்தது. தீயணைப்புக்காரர்கள் அடித்த தண்ணீரில் நெருப்பு அணைந்தது, காகிதமெல்லாம் ஊறிப்போனது. நான்கு டிரங்குப் பெட்டிகளை எங்கள் வாசலில் இறக்கினார்கள். மேலதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இந்தக் குப்பைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? யாரு கேக்கப் போறா?"

"நான் பாத்துக்கறேன் சார்" என்றேன்.

ஈரக் காகிதத்தில் இரண்டு நாளில் பூஞ்சை ஏறிவிடும். மாடியில் ஒரு ஜன்னலுக்கும் கண்ணாடி இல்லை. நிலவறை ஒன்றுதான் தோதான இடம். அதன் தரை முழுக்கப் பரப்பினேன். ஆமாம், அந்த நிலவறைதான் எங்கள் தெருவுக்குப் பதுங்கிடம். அபாயச் சங்கு ஊதினால் கதவைத் திறந்துவிட வேண்டியது என் பொறுப்பு. சாவி என்னிடம்தான் இருந்தது. உங்கள் அறிக்கையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

இரண்டாவது பெட்டியில் அந்தக் கடிதம் கிடைத்தது. அமைச்சர் தன் மனைவிக்கு எழுதியது. "பட்டாளத்துப் பட்டியல்லேருந்து நம்ம பையன் பேரை எடுத்தாச்சு. எண்ணிக்கை குறையக் கூடாதுன்னு வேற யாரோ ஒருத்தனைச் சேர்த்துட்டாங்க. நீ நிம்மதியா இரு." அந்தத் தேதிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் என் மகனுக்கு அழைப்பு வந்தது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவரைத் தெரியாது அவனுக்கு. முதல் பட்டியலில் தள்ளுபடி ஆனவன். போர்முனைக்குப் போன பத்தொன்பதாம் நாள் செத்துப்போனான். எனக்கு வயிறு எரிந்தது. அடக்கமாகப் பேசுவதால் அது அணைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

அன்று மாலை மருமகளிடம் சொன்னேன். எதிர்ப்புறம் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மகன் போன பிறகும் என்னோடுதான் இருந்தாள். கேட்டுவிட்டு, "இதுல அவர் பேரு எங்க மாமா இருக்கு?" என்றாள். "எத்தனையோ பேருக்கு அன்னிக்கு அழைப்பு வந்துது. போனவர் போயிட்டார். விட்டுடுங்க மாமா." எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் மறுநாள் அப்படிச் செய்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அந்த ஒரு கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். வேலை தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி. தனியாக எடுத்த கடிதம் வெறும் தாள். நீயே எழுதியிருப்பாய் என்று அமைச்சரின் வக்கீல் ஒரு வார்த்தையில் ஊதிவிடுவான். முன்னால் இருக்கும் சலவைச் சீட்டு, பின்னால் இருக்கும் வைத்தியர் சீட்டு, எல்லாம் காகிதக் கட்டுக்குள் இருந்த வரிசை குலையாமல் இருந்தால்தான் அது சாட்சி. நான் இன்னும் எண் போடவில்லை. ஈரத் தாளில் எழுதினால் கிழியும். தரையில் எது எங்கே கிடந்ததோ அதுதான் வரிசை. பொறுக்கி எடுக்க ஒரு பகலாவது வேண்டும். சங்குக்கும் குண்டுக்கும் நடுவே நான்கு நிமிடம்தான்.

காலை பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. உள்ளே தாழ் போட்டேன். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. தெருவில் எனக்கு 'தூசி சார்' என்று பெயர், பிள்ளைகள் வைத்தது. "தூசி சார், தொறங்க!" என்று தையல்காரர் கூப்பிட்டார். சாவி தொலைந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் உள்ளே இருப்பேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு நம்பிக்கை என் மேல். ஒரு செருப்புக் கால் பட்டால் ஈரத் தாள் கூழாகிவிடும். வெளியே பதினான்கு பேர்.

அதற்கு முன் முப்பது தடவையாவது சங்கு ஊதியிருக்கிறது, எங்கள் தெருவில் ஒன்றும் விழுந்ததில்லை, அதைச் சொன்னால் தண்டனை குறையும் என்கிறார் என் வக்கீல். சொல்ல மாட்டேன். அன்று முதல் குண்டு தூரத்தில் விழுந்தது, அடுத்தது பக்கத்தில். மூன்றாவது எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

"மாமா, உள்ள இருக்கீங்கதானே? நான்தான். கதவத் தொறங்க மாமா."

அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

"இன்னும் காயலம்மா" என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள், தட்டுவதை நிறுத்தினார்கள். வேறு இடம் தேடிப் போகலாம் என்று சொல்லியிருப்பாள். மேலே ஏறுவதற்குள் படிக்கட்டு இடிந்து விழுந்தது. கதவு இரும்பு, தாங்கிக்கொண்டது. காற்றில் நாலைந்து தாள் இடம் மாறியது, அவற்றைத் திரும்ப வரிசையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து என்னைத் தோண்டி எடுத்தபோது எல்லாம் காய்ந்திருந்தது.

இப்போது போர் முடிந்துவிட்டது, அமைச்சரும் பிடிபட்டுவிட்டார். பதினான்கு பேரையும் நான்தான் கொன்றேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காகிதக் கட்டை வரிசை குலையாமல் நீதிபதியிடம் சேர்த்துவிடுங்கள். ஒரு எழுத்துக்கூடக் கரையவில்லை, நீங்களே படித்துப் பாருங்கள். தன் பிள்ளை ஒருத்தனுக்காக ஊரார் பிள்ளைகளைச் சாகக் கொடுத்துவிட்டு ஒரு மனுஷனால் எப்படி இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.