‘குறைகள்’ என்ற கட்டத்தில் நான் எழுதியது

பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் எழுதியபடி சரி. வயது ஐம்பத்தொன்பது. பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. நேற்று பகல் நடந்ததைக் காவலர் கேட்டதற்கு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

என் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார், தன் மூக்குக்கண்ணாடியை மட்டும் ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. மாட்டும்போதும் கழற்றும்போதும் இடது கண்ணாடியில் பெருவிரலை வைத்து அழுத்துவார். “இவ்வளவு படிச்சும் நீங்க கைநாட்டுதான்” என்று திட்டிக்கொண்டே தினமும் காலையில் நான்தான் துடைத்துக் கொடுப்பேன். அவர் இறந்த அன்று காலை ஏதோ உப்புச்சப்பில்லாத விஷயத்தில் பேச்சு வளர்ந்து, “இன்னைக்கு நீங்களே துடைச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் துடைக்காமலே மாட்டிக்கொண்டு போனார். மதியம் அச்சக மேசையிலேயே சாய்ந்துவிட்டார். கண்ணாடி அந்த ரேகையோடு வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு நான் அதைத் துடைக்கவே இல்லை.

அதன் பிறகு நான் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதைப் பார்த்து என் மகள், “எத்தனை நாளைக்கும்மா சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப?” என்று சண்டை போட்டு, பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆறு வார அருங்காட்சியக வகுப்பில் சேர்த்துவிட்டாள். பழைய பொருளை எப்படித் தொடுவது, எப்படிப் பதிவது, எப்படிக் காப்பது என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். நாலாவது வாரம் ஆசிரியை, ஆளுக்கொரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவந்து, அதன் நிலையைப் படிவத்தில் எழுதிப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுக்கவேண்டும், அவர் படிவத்தைப் படித்து ஆகவேண்டியதைச் செய்யவேண்டும் என்றார். நான் கண்ணாடியைக் கொண்டுபோனேன். படிவத்தில் ‘குறைகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. ‘இடது கண்ணாடியில் பெருவிரல் ரேகை’ என்று எழுதினேன். முப்பத்தைந்து வருடம் அதைக் குறையாகவே சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது.

பக்கத்து மேசைக்காரர் பல் டாக்டர். தங்கமான மனிதர். வகுப்பிலேயே சுத்தமான கை அவருடையதுதான். நேற்று பகல் பன்னிரண்டு மணியளவில் நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது, அவர் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாருங்கம்மா, நீங்க எழுதின குறை போயே போச்சு” என்றார். இன்னொரு கையில் பஞ்சு இருந்தது. அதன் பிறகு நான் அவரை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். நாற்காலி தடுக்கி விழுந்தார். கண்ணாடி உடையக்கூடாதென்று விழும்போதும் இடது கையை மேலே தூக்கியே வைத்திருந்தார், அதனால் உடம்பு முழுவதும் வலது கையில் இறங்கி மணிக்கட்டு முறிந்தது. ஐயோ என்று கத்தியது நான்தான்.

அதன் பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் தரையில் கிடந்த பஞ்சை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் படிவத்தில் இருந்ததைப் படித்தார், அதன்படி செய்தார். குறை என்று எழுதியவள் நான். அந்தக் கை இனி பல் பிடுங்குமா என்று தெரியாமல் நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் காவலர் படித்துக் காட்டினார். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போடப் பேனா கொடுத்தார். நான் ஸ்டாம்ப் பேடைக் கேட்டேன். “ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க?” என்றார்.

“எங்க வீட்டுல இனிமே நான்தான் சார் கைநாட்டு” என்றேன்.

(இடது பெருவிரல் ரேகை)