எல் வாதோவில் வெட்டிய பங்கர்

டும்.

குழாயிலிருந்து கிளம்பும் சத்தம். வெடிப்பதற்கு முந்தியது. அடிவயிற்றில் கேட்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வன்னியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"குத்திட்டான். அக்கா, எழும்பு. பங்கருக்கை ஓடு."

என் தம்பி அன்ரன். இன்னும் விடியவில்லை. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. என் மகள் ஜெனியைப் போர்வையோடு அள்ளுகிறான். அவளுக்கு ஆறு வயது. அழவில்லை. வாயைத் திறந்து வைத்திருக்கிறாள். செல் விழுந்து வெடிக்கும்போது வாயைத் திறந்து வைத்தால் காது தப்பும். நாங்கள் பழக்கியதுதான்.

வாசல். வாழைகள். சேறு. மறுபடியும் டும். அவன் பிள்ளையோடு பங்கர்க் குழிக்குள் குதிக்கிறான். நான் பின்னால் ஓடுகிறேன். வழுக்கி விழுகிறேன். முகம் சேற்றில்.

வெடித்தது. நிலத்தில் அல்ல. வானத்தில். சிவப்பும் பச்சையுமாகப் பொறி கொட்டியது. கோயில் மணி அடித்தது.

அது முள்ளிவாய்க்கால் அல்ல. அது 2010. குவாத்தமாலா நாடு. மெக்சிக்கோ எல்லையில், ஆற்றங்கரையில், எல் வாதோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே சண்டை இல்லை. அன்று ஊர்த் திருநாள்.

இதை பாரிசில், லா சப்பலில் ஒரு தேத்தண்ணீர்க் கடையின் மூலையில் இருந்து எழுதுகிறேன். ஒரு கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். என் தம்பி போரில் செத்தவனா, இல்லையா? செத்தவன்தான். எப்படி என்று சொல்கிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் மன்னார்ப் பக்கம். கடல் தொழில். சண்டை எங்களைத் துரத்தித் துரத்தி வன்னிக்குள் கொண்டுபோனது. கணவர் போனார். மகன் போனான். மிச்சம் மூன்று பேர். நான், அன்ரன், ஜெனி. நாங்கள் மிஞ்சியதற்குக் காரணம் அன்ரனின் கை. ஒவ்வொரு இடப்பெயர்விலும் போய் இறங்கியதும் அவன் முதலில் மண்வெட்டியைத்தான் தேடுவான். அடுப்பு பிறகு. தண்ணீர் பிறகு. முதலில் பங்கர். ட வடிவத்தில் வெட்டுவான். மேலே பனங்குற்றி. அதற்கு மேல் சேலையில் தைத்த மண்மூட்டை. அவன் வெட்டிய குழிக்குள் இருந்துதான் இன்றைக்கு நான் எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை முடிந்ததும் எங்களை அடைத்த முகாமிலிருந்து வெளியே வந்தோம். கனடாவுக்கு என்று ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு போனான். விமானம், பேருந்து, லொறி. கடைசியில் எல் வாதோ. ஆற்றைக் கடந்தால் மெக்சிக்கோ. ஆனால் மழைக்காலம் முந்திவிட்டது. ஆறு கரை புரண்டு ஓடியது. தெப்பம் விடமாட்டோம் என்றார்கள். ஏஜென்சிக்காரன் எங்களை ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போனான். ஆள் போனது போனதுதான்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தெரு. ஒரு வெள்ளைக் கோயில். ஆற்றுக்கு மேலே பாலம் இருந்தது. பாலத்தில் சுங்கம், கொடி, துவக்கோடு ஆட்கள். அந்தப் பாலத்தை ஊரில் ஒருவரும் மதிப்பதில்லை. லொறி டியூப் இரண்டைக் கட்டி மேலே பலகை அடித்த தெப்பத்தில், பாலத்துக்குக் கீழாலேயே எல்லாம் போகும். முட்டை, சவர்க்காரம், சோளம், கலியாணப் பெண், ஆடு, எங்களைப் போன்ற சனம். சுங்கக்காரன் மேலே நின்று கொட்டாவி விடுவான். எல்லைக்கும் அந்த ஊருக்கும் அவ்வளவுதான் உறவு.

இன்னொரு குணம். அந்த ஊர் கேள்வி கேட்காது. நீ யார், எங்கிருந்து வந்தாய், எங்கே போகிறாய், ஒன்றும் இல்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கையால் கேட்பார்கள். எனக்கு முதலில் அது மரியாதையாகத் தெரிந்தது. பிறகுதான் விளங்கியது, அது பயம்.

வீட்டுக்காரியின் பெயர் லூசியா. அறுபது வயதிருக்கும். லூசியாம்மா என்று கூப்பிட்டோம். அவருக்கும் அது பிடித்துக்கொண்டது. ஜெனி முதல் நாள் இரவு படுக்க மறுத்தாள். "பங்கர் எங்கை?" என்று ஒரே கேள்வி. அடுத்த நாளும் அதே. மூன்றாம் நாள் அன்ரன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வளவுக்குள் இறங்கினான். லூசியாம்மா கக்கூசுக்குக் குழி என்று நினைத்தார். படி வெட்டியதும் வந்து பார்த்தார். உள்ளே இறங்கினார். குந்தினார். தலைக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். வெளியே வந்தார். பிறகு கொட்டிலில் கிடந்த பழைய கதவொன்றை இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தார், கூரைக்கு.

அதற்குப் பிறகுதான் தன் கதையைச் சொன்னார். பாதி கையால், பாதி எனக்கு விளங்கிய நாலு சொல்லால். எண்பதுகளில் மலைப்பக்கத்துக் கிராமங்களை இராணுவம் எரித்திருக்கிறது. சனம் ஆற்றைத் தாண்டி மெக்சிக்கோவுக்கு ஓடியிருக்கிறது. இந்த ஊர்தான் கடக்கும் துறை. ஊரில் சிலர் ஓடி வந்தவர்களை ஒளித்து வைத்தார்கள். சிலர் காட்டிக் கொடுத்தார்கள். ஒரே தெருவில், பக்கத்துப் பக்கத்து வீட்டில். லூசியாம்மா இரண்டு பிள்ளைகளோடு நாணற் புதருக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருந்தார். கணவரைக் கொண்டுபோனார்கள். உடல் வரவில்லை. கோயில் பின்வளவில் அவருக்கு ஒரு சிலுவை இருக்கிறது. கீழே ஒன்றுமில்லை. அப்படி வெறுஞ் சிலுவைகள் அங்கே நிறைய. ஆகவேதான் கேள்வி இல்லை. கேட்டால் பக்கத்து வீட்டுக்காரனையும் கேட்க வேண்டி வரும்.

பங்கர் வந்தபிறகு ஜெனி நித்திரை கொண்டாள். பங்கருக்குள் அல்ல, வீட்டுக்குள். அது அங்கே இருக்கிறது என்றால் அவளுக்குப் போதும்.

ஆனால் அது ஆற்று மண். பனங்குற்றி இல்லை. சேலை மூட்டை இல்லை. மழை விடாமல் பெய்தது. அன்ரன் தினமும் வாளியால் தண்ணீர் இறைத்தான். சுவர் ஊறியது. அவனுக்கு மன்னார் மண் தெரியும். வன்னி மண் தெரியும். அந்த மண்ணைத் தெரியாது.

திருநாளுக்கு முதல் நாள் தெருவெல்லாம் கடதாசிக் கொடி. லூசியாம்மா இனிப்புத் தந்தார். பெருநாள் என்று விளங்கியது. எங்கள் கோயில் திருவிழாவுக்கும் வெடி போடுவோம்தான். ஆனால் அந்த ஊரில் இரும்புக் குழாயை நிலத்தில் நட்டு, விடியுமுன் வெடியை மேலே அனுப்புவார்கள். முதலில் டும். பிறகு வானத்தில். மோட்டார் செல் குத்துவதும் அப்படித்தான்.

நான் சேற்றிலிருந்து எழும்பினேன். மேலே பொறி. அப்போது பங்கர்ப் பக்கம் ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. மாவு மூட்டை சரிந்ததுபோல. கதவும் மண்ணும் உள்ளே இறங்கியிருந்தன.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. சனம் கோயிலிலிருந்து ஓடி வந்தது. திருநாள் உடுப்போடு. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கையால் தோண்டினார்கள். வானத்தில் வெடி நிற்கவில்லை. தெருவின் அந்த முனைக்கு விசயம் போய்ச் சேரவில்லை. டும். டும். ஒவ்வொன்றுக்கும் நான் குனிந்தேன். குனிந்து குனிந்து தோண்டினேன்.

அன்ரன் முழந்தாளில் இருந்தான். முதுகை வளைத்து, கதவைத் தாங்கி. அவன் நெஞ்சுக்குக் கீழே ஜெனி. அவளுக்கு மூச்சு இருந்தது. அவனுக்கு இல்லை.

லூசியாம்மா தன் கணவரின் சிலுவைக்குக் கீழே இடம் தந்தார். அங்கே புதைத்தோம்.

அதற்குப் பிறகு கனடா இல்லை. பாரிசுக்குப் பக்கத்தில், சார்செலில் இருந்த மச்சாள் கடன்பட்டு எங்களை பிரான்சுக்கு எடுத்தாள். இங்கே ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினேன். இப்போதும் கழுவுகிறேன். ஜெனி உயரமாக வளர்ந்துவிட்டாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். யூலை பதினாலு, இந்த நாட்டின் தேசிய நாள் வாணவேடிக்கைக்கு ஊரே தெருவில் நிற்கும். அவள் குளியலறையைப் பூட்டிக்கொண்டு தரையில் இருப்பாள். நான் கதவுக்கு வெளியே இருப்பேன்.

போன மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவு நாள். மண்டபத்தில் செத்தவர்களின் படங்களை மேசையில் வைத்து விளக்கேற்றுவோம். மூன்று படங்கள் கொண்டுபோனேன். படம் அடுக்கும் பொறுப்பு பரா அண்ணைக்கு. நல்ல மனிதர். அவருடைய வீட்டாரின் படங்களும் அங்கே இருந்தன. அன்ரனின் படத்தை மட்டும் திருப்பித் தந்தார்.

"கோவிக்காதையும் தங்கச்சி. இது சண்டையிலை செத்தவைக்கு. இவர் அடுத்த வருசம், வேறை நாட்டிலை எல்லோ. அது விபத்து."

"பங்கருக்கை செத்தவன் அண்ணை."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என்ன செய்யிறது."

"அரள வைச்சது ஆர்?"

அவர் கண்ணைத் துடைத்தார். "கடல்லை மூழ்கிச் செத்தவையும் இருக்கினம். முகாமிலை தூக்குப் போட்டவையும் இருக்கினம். எல்லாரையும் வைச்சா மேசை காணாது."

"அப்ப இன்னொரு மேசை போடுங்கோ."

போடவில்லை. படத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் சார்செலுக்கு வந்தேன். ஜெனி பையைப் பார்த்தாள். ஏன் திருப்பிக் கொண்டுவந்தாய் என்று பிரெஞ்சில் கேட்டாள். சொன்னேன். போரில் சாகவில்லையாம்.

பையிலிருந்து படத்தை எடுத்தாள். பிறகு இத்தனை வருடமும் சொல்லாததைச் சொன்னாள். மண் விழுந்தபிறகும் மாமாவுக்கு உயிர் இருந்ததாம். பேசினாராம். என்ன பேசினார் என்று கேட்டேன். தமிழில் சொன்னாள், அவன் குரலிலேயே.

"வாயைத் திற பிள்ளை. பயப்பிடாதை. இண்டைக்குக் கனக்கக் குத்திறான். ஓய்ஞ்சோடனை அம்மாட்டைப் போவம்."

அது திருநாள் வெடி என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அவனுக்குச் சண்டை முடியவே இல்லை.

போரில் எங்கள் வீடு இழந்த கணக்கை நானே எழுதுகிறேன்.

வள்ளம் ஒன்று. வீடு ஒன்று.

ஜேம்ஸ், என் கணவர். வலைஞர்மடம், 2009. செல்.

ரொஷான், என் மகன், ஒன்பது வயது. முள்ளிவாய்க்கால், 2009. செல்.

அன்ரன், என் தம்பி, இருபத்தாறு வயது. எல் வாதோ, 2010. செல்.