என் நினைவாக ஒரு கிண்ணம்

சிதம்பரத்தில் தள்ளுவண்டிக்காரர்கள் சிவப்புச் சாயம் போட்டுக் கிளறித் தருவதைச் சீனச் சாப்பாடு என்று நம்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, சார். பசிக்கிறவன் சாப்பிடுகிறான். அதில் சீனம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறவைத்து, கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்க எனக்குத் தெரியும். சோயா மொச்சையை மாதக்கணக்கில் புளிக்கவைத்து ஜப்பானியர்களின் மிசோ விழுது செய்வேன். அந்த வாடைக்காகப் பக்கத்து வீட்டு முத்தம்மாள் என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார். நான் அவரிடமும் கோபப்பட்டதில்லை. என் சுபாவம் அப்படி. விசாரித்துப் பாருங்கள்.

என் பெயரும் வேலையும் உங்களுக்குத் தெரியும். தட்சிணாமூர்த்தி, புவியியல் ஆசிரியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளியில் படிக்கும்போது பெய்ஜிங்கிலிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் கேட்டு ஆரம்பித்த பழக்கம் இது. நேயர்களுக்கு அவர்கள் காலண்டர் அனுப்புவார்கள். ஒரு தடவை தேயிலைகூட வந்தது. ஊரில் மற்றவர்கள் சினிமாப் பாட்டுக் கேட்ட நேரத்தில் நான் சோழர் காலத்தில் சீனாவுக்குப் போன கப்பல்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சீன எழுத்து, அதன் வழியாக ஜப்பானிய மொழி, எல்லாம் நானாகவே கற்றுக்கொண்டேன். பேசிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நீங்கள் ஞானசேகரனைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

சுனாமி வந்துபோன அடுத்த மாதம், நிவாரணச் சாமான்களோடு பிச்சாவரத்துக்குக் கிழக்கே இருக்கும் ஒரு குப்பத்துக்குப் போயிருந்தேன். கடலூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து மாணவர்களை அழைத்துக்கொண்டு ஞானசேகரனும் வந்திருந்தான். வரலாற்று விரிவுரையாளர், என் வயதுதான். இருவரும் சேர்ந்து அரிசி மூட்டை இறக்கினோம். அலை அங்கே மணல்மேட்டைக் கத்தியால் வெட்டியதுபோல வெட்டிவிட்டுப் போயிருந்தது. அந்தக் குப்பத்தில் மாரியம்மாள் என்ற மீனவப் பெண்ணின் குடிசை போய்விட்டது. மிஞ்சின இரண்டு கோழிகளுக்கு அவள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளிர்ப்பச்சைக் கிண்ணம், சார். உள்ளே அடியில் இரண்டு மீன்கள், ஒன்றையொன்று துரத்துவதுபோல. சீனாவில் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செய்தது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தில் அந்த மாதிரிக் கிண்ணத்தை அத்தனை தடவை பார்த்திருக்கிறேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஞானசேகரன் என் கையைத்தான் பார்த்தான், கிண்ணத்தை இல்லை.

"மண்ணு சரிஞ்ச எடத்துல கெடந்துது சார்," என்றாள் மாரியம்மாள். "சட்டிதான. எடுத்துக்கினு போங்க. எனக்கு ஒரு எவர்சில்வர் குண்டான் குடுத்தீங்கன்னா ஒல வைக்க ஆவும்."

குண்டான் வாங்கிக் கொடுத்தேன். கிண்ணம் என் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானசேகரனும் வர ஆரம்பித்தான். கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருவான். இருவரும் என் மொபெட்டில் குப்பத்துக்குப் போய் மணலில் அதே மாதிரிப் பழைய ஓட்டாஞ்சில்லு பொறுக்குவோம். மத்தியானம் வந்து நான் சமைப்பேன். நான் சமைத்ததை முகம் சுளிக்காமல் சாப்பிட்ட ஒரே மனிதன் அவன்தான். "இன்னும் கொஞ்சம் ஊத்து மச்சான்" என்று கிண்ணத்தை நீட்டுவான். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். மற்ற நாட்களில் வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது.

அவன் ஆங்கிலத்தில் நன்றாக எழுதுவான். எங்கள் சில்லுகளைப் பற்றி எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பியதும் அவன்தான். 2008ல் ஜப்பானில், ஃபுகுவோகாவில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. எங்கள் இருவர் பெயருக்கும். பள்ளியில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் மட்டும் போனான். போகும்முன் படம் எடுக்க வேண்டும் என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது பச்சைத் தேயிலை கொண்டுவந்தான். நிறையக் கதை சொன்னான். "நம்ம ஊர்ல பேத்தை மீன கரையிலயே தூக்கிப் போடுறம் இல்ல மச்சான், அத்த அங்க லைசென்சு வாங்கித்தான் அறுக்குறான். விஷத்த எடுத்துட்டு, கண்ணாடி மாதிரி சீவி வெச்சாங்க. நானும் தின்னுட்டேன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கிண்ணம் எங்கே என்றேன். சென்னையில் ஒரு நிபுணரிடம் இருக்கிறது என்றான்.

அதன்பிறகு அவன் வருவது குறைந்தது. பரீட்சைத் தாள் திருத்துகிறேன் என்பான். சந்திரலேகாவுக்கு உடம்பு சரியில்லை என்பான். அது அவன் மனைவி. வந்தாலும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுவான். கிண்ணத்தைக் கேட்டால், "வந்துடும் மச்சான்" என்பான். நான் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு ஒருவனாகச் சாப்பிட்ட ஞாயிறுகள் பல. நான் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2011 பொங்கல் முடிந்து ஒரு காலையில், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நரைத்த முடியும் கறுப்பு உடையுமாக ஓர் அம்மாள் இறங்கினார். கையில் ஒரு சின்னப் பெட்டி. ஜப்பானியர் என்று தெரிந்தது. திக்கித் திக்கி ஆங்கிலத்தில் என் பெயரைச் சொல்லி, அவருடைய வீடு இதுதானா என்று கேட்டார். நான் ஜப்பானிய மொழியில், ஆமாம், உள்ளே வாருங்கள் என்றேன்.

அவருக்குப் புரிந்தது, சார். நான் பேசியது அவருக்கு அப்படியே புரிந்தது.

அவர் பெயர் யமாஷிதா. ஃபுகுவோகாவில் பழைய மண்பாண்டங்களை ஆராய்கிறவர். கோயிலைப் பார்க்க வந்தாராம். அப்படியே இந்த வீட்டுக்கும் வர வேண்டும் என்று நினைத்தாராம். "இந்த வீடு பூட்டிக் கிடப்பதாக ஞானசேகரன் சான் சொன்னார். வாசலிலாவது நின்றுவிட்டுப் போகலாம் என்று வந்தேன். நீங்கள் தட்சிணாமூர்த்தி சானின் தம்பியா?" என்றார். பெயருக்குப் பின்னால் சான் என்பது அவர்கள் மரியாதை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே தொடர்ந்து சொன்னார். "உங்கள் அண்ணன் இறந்துவிட்டதை கருத்தரங்கு மேடையில் சொல்லும்போது ஞானசேகரன் சானால் பேச முடியவில்லை. அழுதுவிட்டார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்."

தம்பிதான் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது. அவ்வளவு தூரம் வந்தவரைச் சங்கடப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

கூடத்தில் என் அப்பாவின் படம் மாலையோடு மாட்டியிருக்கிறது. நாங்கள் ஒரே ஜாடை. யமாஷிதா அம்மாள் அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து ஊதுவத்தி எடுத்துக் கொளுத்தினார். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நான் பின்னால் நின்று என் அஞ்சலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தேநீர் கொடுத்தேன். அவர் கொண்டுவந்திருந்த இனிப்பை இருவரும் சாப்பிட்டோம். சிவப்புப் பயறு பூரணம் வைத்தது. நான் செய்வதைவிட இனிப்பு கம்மி. போகும்போது, "அந்தக் கிண்ணத்தை ஞானசேகரன் சானின் கல்லூரியில் பார்த்தேன். உங்கள் அண்ணனின் பெயர் நிலைத்திருக்கும்" என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

மறுநாள் கடலூருக்குப் போனேன். ஞானசேகரன் வகுப்பில் இருந்தான். வரலாற்றுத் துறை அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரியில் என் கிண்ணம் இருந்தது. கீழே அட்டையில் 'அமரர் தட்சிணாமூர்த்தி நினைவாக' என்று எழுதியிருந்தது. அழகான எழுத்து. அங்கே இருந்த பியூனிடம் இது யாருடையது என்று கேட்டேன்.

"யாரோ செத்துப்போன வாத்தியார்து சார். நம்ம சாருக்கு ரொம்ப வேண்டியவராம்," என்றார்.

ஞானசேகரனைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் யோசித்தேன். அவன் என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. உயிரோடு இருக்கிறவனைச் செத்தவன் என்று சொல்லி, அதற்கு அழுதும் காட்டி, பிறகு அவன் வீட்டுக்கே வந்து சாப்பிட ஒருவனால் முடிந்திருக்கிறது. அதைத்தான் நினைத்துக்கொண்டே வந்தேன். எனக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான்.

மார்ச்சில் ஜப்பானில் கடல் ஏறியது. டிவியில் பார்த்திருப்பீர்கள். அதையே காரணமாக வைத்து அவனுக்குப் போன் செய்தேன். நம் சிநேகமும் சுனாமியில் ஆரம்பித்ததுதானே, அந்த ஜனங்களை நினைத்து ஒருவேளை சேர்ந்து சாப்பிடலாம் என்றேன்.  அவன், "வரேன் மச்சான். நானும் உங்கிட்ட ஒண்ணு பேசணும்" என்றான்.

மாரியம்மாளிடம் போய், வலையில் பேத்தை விழுந்தால் எடுத்து வைக்கச் சொன்னேன்.

"அது என்னாத்துக்கு சார்? நாயிகூட மோந்து பாத்துட்டுப் போயிடும்," என்றாள்.

பள்ளிக்கூட லேபில் பாட்டிலில் போட்டு வைக்க என்றேன். அவள் நம்பினாள். ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்து, "கைய நல்லா கழுவிக்கோங்க சார்" என்று சொல்லியனுப்பினாள். அதனால் அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஞானசேகரன் இறந்ததே அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. சந்திரலேகா அவனும் நானும் சில்லு பொறுக்கிய இடத்தைப் பார்க்க வேண்டுமென்று குப்பத்துக்குப் போய் அவளிடம் பேசியிருக்கிறாள். அப்போதுதான் மாரியம்மாளுக்குப் பொறி தட்டி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். அவள் செய்தது சரி.

அந்த ஞாயிறு அவன் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வாழைப்பழமும் மல்லாட்டைக் கடலை உருண்டையும் வாங்கி வந்திருந்தான். வந்ததும் வராததுமாக, "மச்சான், அந்தக் கிண்ண விஷயம்..." என்று ஆரம்பித்தான். முதலில் சாப்பிடு, சூடு ஆறிவிடும் என்றேன். கொடுவா மீன் சூப் என்று சொல்லி வைத்தேன். எனக்குத் தனிப் பாத்திரத்தில் செய்திருந்தேன். அன்று சமையல் நன்றாக அமைந்தது. என் கைக்கு அதைவிடப் பக்குவமாக என்றும் வந்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்து மச்சான்," என்று கிண்ணத்தை நீட்டினான். ஊற்றினேன்.

சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு உட்கார்ந்தவன் உதட்டைத் தடவிப் பார்த்தான். "என்னாடா இது, மரத்துப் போவுது," என்றான். இன்ன மீன் என்று அப்போது சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். எழுந்திருக்கப் பார்த்தான், கால் வரவில்லை. கீழே விழாமல் பிடித்து, பாயில் படுக்கவைத்து, தலையணை கொடுத்தேன்.

இந்த விஷத்தில் மனிதனுக்கு அறிவு கடைசிவரை தெளிவாக இருக்குமாம். படித்திருக்கிறேன். அதனால் அவனிடம் பேச முடிந்தது. யமாஷிதா அம்மாள் வந்ததைச் சொன்னேன். கொளுத்திய ஊதுவத்தியைச் சொன்னேன். அட்டையில் இருந்த எழுத்தைச் சொன்னேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவன் நாக்குப் புரளாமல், "நீதான..." என்றான். மறுபடியும், "நீதான..." என்றான். என்மேல் குற்றம் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். என் கேள்விக்கு அது பதில் இல்லை. அதனால் மறுபடி கேட்டேன். அவன் கண் மட்டும் என்மேலேயே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூச்சுக்கு மிஷின் வைத்தால் பிழைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதையும் படித்திருந்தேன். தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டு. நான் ஆட்டோ கூப்பிட்டபோது அவசரம் எதுவும் இருக்கவில்லை.

சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, நெஞ்சு நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். ஏற்கெனவே அவனுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. நானும் அதே சூப்பைச் சாப்பிட்டதாகச் சொன்னேன்.

காரியத்தன்று சந்திரலேகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணா, அவரு அன்னிக்கு உங்ககிட்ட மன்னிப்பு கேக்கத்தான் வந்தாரு. ஜப்பான்லேருந்து வந்ததுலேருந்து இதேதான் பொலம்பல். அழைப்பு வந்தப்ப நீங்க வரலன்னுட்டீங்களாம். அவுங்க கேட்டா என்னா சொல்றதுன்னு இவரு கேட்டதுக்கு, செத்துட்டான்னு சொல்லிடுன்னு கதவ சாத்திட்டீங்களாமே. அங்க எல்லாரும் உங்களப் பத்தியே கேக்கவும், வாயில அதுதான் வந்துதாம். சொல்லும்போதே அழுகையும் வந்துடுச்சாம். அப்புறம் அத்த எப்படி மாத்துறதுன்னு தெரியல. அந்த அம்மா காலேஜுக்கு வரேன்னதும் அட்டையும் எழுதி வெச்சாரு. உங்க மூஞ்சில முழிக்கவே அவருக்குக் கூச்சம்ணா."

பள்ளியில் லீவு கிடைக்கவில்லை என்று முன்னால் சொன்னேன் அல்லவா. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் லீவு கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப் போடவில்லை. என் ஜப்பானியப் பேச்சை அதுவரை ஜப்பானியர் யாரும் கேட்டதில்லை. அங்கே போய் நின்று, யாருக்கும் புரியாமல் போனால் என்ன செய்வது. அன்று ஞானசேகரன் விடாமல் கெஞ்சினான். எரிச்சலில் அப்படிச் சொன்னேன். கதவைச் சாத்தியதும் உண்மைதான்.

அதற்காக ஒருவன் நண்பனைச் சாகடித்துவிட்டு வருவானா? அவன் செய்தது துரோகம் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் நான் அவனுக்கு நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், ஏன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். வெயில் தாழும்வரை காத்திருந்தேன். நீதானே சொல்லச் சொன்னாய் என்று அவன் வாயைத் திறந்து முழுதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சார்.