காலனி என்று சொல்லாதே

அம்பாசமுத்திரத்தில் பஸ் கிளம்பியதும், முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஏலே, பழைய ஓ.பி. சீட்டைக் கிழிச்சுப் போட்டுரு. ஆஸ்பத்திரில புதுச் சீட்டு எழுதும்போது காலனின்னு சொல்லாத. கோயில் தெருன்னு சொல்லு."

அவன் அவளுடைய தம்பி. முப்பது வயதிருக்கும். சீட்டை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"பொய் எதுக்குக்கா?"

"போன தடவை அந்த டாக்டர் சீட்டைப் பாத்தாரே தவிர உன்னைப் பாத்தாரா? குடியை நிறுத்தச் சொல்லும்மான்னு என்கிட்ட சொல்லிட்டு ஊசிக்கு எழுதிட்டாரு. உனக்கு முன்னால போன கோயில் தெருக்காரரை உக்கார வச்சு அரை மணி நேரம் பேசுனாருல்லா."

பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது. அவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அது பஸ்ஸைத் தாண்டிப் போகும்வரை அவள் அவன் முதுகில் கை வைத்திருந்தாள். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

அவன் நிமிர்ந்தான். "வண்டியில வந்து வீட்டுக்குத் தீ வச்சிருவானுவளோன்னு தூக்கம் வரலங்கேன். காலனின்னா, போன மாசம் அங்க வச்சானுவளேன்னு டாக்டருக்கு ஒரு நினைப்பாவது வரும். கோயில் தெருவுக்கு எவன்க்கா தீ வைக்க வருவான்? முழுப் பைத்தியம்னுல்லா எழுதுவாரு."

வீரவநல்லூர் வந்ததும் அவள் அவன் கையிலிருந்த சீட்டை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள்.

"அப்பம் காலனின்னே இருக்கட்டும். குடிக்கிற பழக்கமே கெடையாதுன்னு மொதல்லயே சொல்லிரு."

"அன்னைக்கும் அதைத்தான்க்கா மொதல்ல சொன்னேன்."