மூன்று நிமிட மூச்சு

இந்த அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்ததே கீழே இருக்கும் நீச்சல் குளத்துக்காகத்தான், சார். சமையலறையில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. என் கணவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. பால்கனியிலிருந்து குளத்தை எட்டிப் பார்த்தார், அன்றே முன்பணம் கொடுத்துவிட்டார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. மார்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே கைகளை மட்டும் வீசுவார். கால் தரையை விட்டு எழுவதில்லை என்பது மேலிருந்து பார்க்கிற எனக்குத்தான் தெரியும். கரையில் இருப்பவர்களிடம் ஆற்றைக் கடந்த கதை, மூன்று நிமிடம் மூச்சடக்கிய கதை என்று அளப்பார். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு என்னைப் பற்றியும் ஒரு பொய் சொன்னார். என் கையில் இருந்த காயத்தை அக்காவிடம் காட்டிய மறுநாள் அது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம், மாத்திரையில்தான் வண்டி ஓடுகிறதாம். அக்காவே நம்பிவிட்டாள். கீழ்வீட்டு டீச்சரிடம் ஒருநாள், "அவருக்கு நீச்சலே தெரியாதுங்க" என்றேன். டீச்சர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்டார். என் சொல் செல்லாக்காசாகிவிட்டது. அன்று நிறைய அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளக்கரையில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் துண்டோடு போய் நின்றேன். "எத்தனை நாளைக்குத்தான் கதையாவே சொல்லுவீங்க? அந்த ஆழத்துல ஒரு தடவை குதிச்சுக் காட்டுங்களேன்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார். 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீசையைத் தடவிக்கொண்டு குதித்தார்.

ஒரு தடவை தலை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

"என்னம்மா, இன்னும் மேல வரலையே?" என்று டீச்சர் எழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"பயப்படாதீங்க. மூணு நிமிஷம் மூச்சடக்குவாரு" என்றேன்.

அன்றைக்கு மட்டும் நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பொத்தானை மறுபடி மாட்டிக்கொண்டார்.

இப்போது குளத்தில் தண்ணீர் இல்லை, வற்றவைத்துவிட்டார்கள். ஆனாலும் சாயங்காலமானால் தண்ணீருக்குள் யாரோ நடக்கும் சத்தம் கேட்கிறது. ஆழமில்லாத பக்கத்தில் தொடங்கி, ஆழமான பக்கம் வந்ததும் நின்றுவிடுகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது, சார். பயமாக இருக்கிறது. இப்போதும் அவர் நடக்கத்தான் செய்கிறார்.

நான் அவரைத் தள்ளவில்லை. பொய்கூட அவருடையதுதான், நான் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். கைக்கடிகாரத்தில் மூன்று நிமிடம் முடிந்ததும் முதலில் அலறியது நான்தான். அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.