ஒன்பதே கால் போன்

— நம்பர் எதுவும் வரலைங்க மேடம்.

— இப்பதானே அனுப்பினேன். உங்க சட்டைப் பையில டிங்குன்னுச்சு, எனக்கே கேட்டுச்சுண்ணே.

— அது ஏதாச்சும் விளம்பரமா இருக்கும்.

— எடுத்துப் பாருங்க. ஆறு இலக்கம். அதைச் சொன்னீங்கன்னா உங்க பொண்ணோட பதிவை அவங்கம்மா ஊர் ஸ்கூலுக்கு மாத்திடுவேன். நீங்க சொல்லாம இந்தக் கம்ப்யூட்டர் விடாது.

— படிக்கத் தெரிஞ்சாத்தானே மேடம்? சாரம் கட்டுறவன் நான். கம்பும் கயிறும்தான் தெரியும்.

— அது பழைய கதைண்ணே. போன வருஷம் இதே மேஜையைத் தட்டிச் சண்டை போட்டது யாரு? கணக்குல ஆறு மார்க்குன்னு நாங்க மெசேஜ் அனுப்பினா, உங்க வாலு அதை அறுபதுன்னு படிச்சுக் காட்டியிருக்கு. நீங்களும் தெரு பூரா மிட்டாய் கொடுத்திருக்கீங்க.

— கழுதை, வாய் கூசாம படிச்சா மேடம்! அன்னைக்குத்தான் ரோஷம் வந்துச்சு. நாப்பத்திரெண்டு வயசுல, சாப்பாட்டு நேரத்துல, பூசாத செவுத்துல கரித்துண்டால அ, ஆ போட்டேன். மேஸ்திரி விழுந்து விழுந்து சிரிச்சாரு.

— அப்ப படிக்கத் தெரியும்.

— ம்... தெரியும்.

— போனைக் கொடுங்க. அட, ஏழு தடவை அனுப்பியிருக்கேன், ஏழு மெசேஜையும் திறந்து பாத்திருக்கீங்க! வீட்டம்மா மேல கோவம்னா அவங்ககிட்ட காட்டுங்கண்ணே. பொறந்த வீட்டுக்குப் போனது அவங்க. பொண்ணு என்ன பண்ணுச்சு? ஆளு அங்கே பெஞ்சுல, பேரு இங்கே. பத்தாவது பரீட்சைப் பதிவு இன்னைக்கு அஞ்சு மணியோட மூடிடும். அதுக்குள்ள பேரு போகலைன்னா ஒரு வருஷம் வீண்.

— கோவமெல்லாம் இல்லை மேடம்.

— பின்னே?

— காலையில ஒன்பதே காலுக்கு ஸ்கூல்ல இருந்து ஒரு போன் வரும்ல?

— வராத பிள்ளைங்க வீட்டுக்கு மிஷினே போடுற போன். அதுக்கென்ன?

— அதுல அவ பேரு வரும். முழுப் பேரு. ‘உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை’ன்னு. நாப்பத்தொரு தடவை வந்துடுச்சு. மூணாவது மாடிச் சாரத்துல ஒத்தக் கையால கம்பைப் பிடிச்சுக்கிட்டுக் கேப்பேன். வீட்ல அவ பேரைச் சொல்ல வேற ஆளில்லை மேடம்.

— விழுந்து கிழுந்து தொலைச்சிருந்தீங்கன்னா?

— அது பேசி முடிச்சதும் நான் ‘சரிம்மா’ன்னு வேற சொல்வேன். கீழே இருக்கிறவன், ‘யாருய்யா, நேரம் தவறாம கூப்பிடுறது’ன்னு கேலி பண்றான்.

— நீங்க அவகிட்டயே பேசலாம்ல?

— மச்சான்தான் எடுப்பாரு. ‘படிச்சுக்கிட்டு இருக்கா’ம்பாரு, வெச்சிடுவாரு. இந்த நம்பரைச் சொல்லிட்டா அந்த ஒன்பதே கால் போனும் நின்னுடும். இல்லையா?

— நின்னுடும்ணே. பொய் சொல்ல மாட்டேன்.

— அந்த ஸ்கூல்லயும் அப்படிப் போன் உண்டா?

— அங்கே வந்தாலும் போன் வரும், வரலைன்னாலும் வரும்.

— ‘வந்துவிட்டார்’னு சொல்லுமா? தினமுமா? ம்... அவங்கம்மா கொடுத்து வெச்சவ.

— அண்ணே, மணி நாலு நாப்பது.

— தெரியுது. அடிங்க. ஏழு. மூணு. மூணு. ஒண்ணு.

— இன்னும் ரெண்டு.

— எட்டு.

— இன்னும் ஒண்ணுதாண்ணே.

— சொல்றேன் மேடம், அவசரப்படுத்தாதீங்க... ரெண்டு. போதுமா? நான் வர்றேன்.

— இருங்க, சுத்துது... போயிடுச்சு! அங்கே போட்ட விண்ணப்பம் திறக்குது. எல்லாம் சரியான்னு பாத்துட்டுப் போங்க.

— இனிமே நான் பாத்து என்ன ஆகப் போகுது?

— இப்படி வாங்கண்ணே. ‘நிரப்பியவர்: மாணவி’ன்னு இருக்கு. அவளேதான் போட்டிருக்கா. அதுக்குக் கீழே, பள்ளியிலிருந்து யாருக்குப் போன் போடணும்ங்கிற கட்டம். நான் படிக்க மாட்டேன், நீங்களே படிங்க.

— ஒன்பது, எட்டு... நாலு... அறுபத்தி... மேடம், இது என் நம்பராச்சே!